எங்கள் தெரு சொன்ன சாட்சி

மதுரைப் பக்கம் கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் நேராக வந்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு ஆள் வருவார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, கையிடுக்கில் ஒரு பை. டீக்கடையில் நின்று டீ குடிப்பார். மளிகைக்கடையில் தேவையே இல்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்குவார். பேச்சோடு பேச்சாக, “இங்க வாத்தியார் வீடுன்னு ஒண்ணு இருக்காமே, எப்புடி ஆளுக?” என்று ஆரம்பிப்பார். அவர் வாயைத் திறந்ததுமே தெருவுக்கு விஷயம் விளங்கிவிடும். அதற்குப் பிறகு என்ன பேச வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த வீட்டில் கடன் இருந்தால் இல்லை என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒரு சொந்தம் இருந்தால் நாலைந்தாகச் சொல்ல வேண்டும். பெண் கோபக்காரியாக இருந்தால் வாயில்லாப் பூச்சி என்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்கு நல்ல இடம் அமைவதற்காகச் சொல்லும் பொய்யை எங்கள் பக்கம் யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வழக்கத்தால் என் வேலை போகப் பார்த்தது. போகவில்லை. எப்படிப் போகாமல் நின்றது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிடும். அதைக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. வயல்களை பிளாட் போட்டு விற்ற காலத்தில் அப்பா வாங்கிய சின்ன இடம். மாடிப்படி கட்டிவிட்டார், மாடி கட்டக் கையில் காசு இல்லை. படி மேலே போய் ஆகாயத்தில் முடியும். அதில் உட்கார்ந்தால் யானைமலை முழுசாகத் தெரியும். நான் படித்ததெல்லாம் அந்தப் படியில்தான்.

அப்பா மதுரைக்குள் ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. வாத்தியார். அவருடைய அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கம் அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கூலி வாங்கியவர்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து, விடுதியில் இடம் பிடித்து, படித்து வந்தவர் அப்பா. அரசுச் சம்பளம் வராத, பள்ளி நிர்வாகமே சம்பளம் கொடுக்கும் பணியிடம் அவருடையது. அதனால் ஓய்வு பெற்றபோது பென்ஷன் கிடையாது. ஆனால் அவரைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை, மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனையும் நிறுத்தி வைக்கும் குரல். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’ அல்லது ‘வாத்தியாரு’.

நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா நர்சிங் படித்து அயர்லாந்துக்குப் போனாள். அங்கேயே வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். நான் இங்கே பொறியியல் படித்தேன். என் படிப்புக்கு வங்கியில் வாங்கிய கல்விக் கடன் என் பெயரில் இருந்தது. கூட அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் படித்து முடித்த வருஷமே அப்பா ஓய்வு பெற்றார். அதே வருஷம் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். தவணை நின்றது. நின்றது நின்றதுதான்.

அக்கா பணம் அனுப்புகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னாள். அப்பா வாங்க மாட்டேன் என்றார்.

“ரெண்டு பேத்தையும் படிக்க வச்சது நானு. ஒருத்தி சம்பாத்தியத்துல இன்னொருத்தி படிப்புக்குக் கட்டுனா, நான் என்னத்தப் படிக்க வச்சேன்?”

அதற்கு மேல் பேச முடியாது. ஓய்வுக்குப் பிறகு அவனியாபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு பஸ் மாறி மாறிப் போய்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக் கொடுத்தார். தெருவில் கேட்டால், “சும்மா உக்காந்தா ஒடம்பு வீணாப் போயிரும்ல” என்பார். அந்தக் காசு அம்மாவின் மாத்திரைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகப் போய்விடும். நானும் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டு, மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கடன் விஷயம் எங்கள் வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வங்கியிலிருந்து ஆட்கள் வந்தபோதுகூட அப்பா அவர்களை உள்ளே உட்காரவைத்து, வெளியே கேட்கும்படி சத்தமாகக் கபடியைப் பற்றிப் பேசினார்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டிப் பணி ஆணை வீட்டுக்கு வந்தபோது அப்பா அதை வாசலில் நின்று படித்தார், உள்ளே வந்து படித்தார், அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். கொடிக்காலில் கூலி வேலை செய்தவர்களின் பேத்தி, நாட்டின் ரகசியங்களைக் காக்கும் இடத்துக்குப் போகப்போகிறாள். இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்முகிறது. ஆனால் ஆணையிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. என்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் விசாரித்து, நம்பத்தக்கவள் என்று முடிவான பிறகுதான் வேலையில் சேர முடியும். குறித்த காலத்துக்குள் அந்த முடிவு வராவிட்டால் ஆணை செல்லாது.

அதற்கு ஒரு விவரப் படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டில் நெருங்கிய உறவு உண்டா, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் யாராவது உண்டா, கட்டாமல் நிற்கும் கடன் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஏன் கேட்கிறார்கள் என்பது யோசித்தால் புரியும். கடனில் மாட்டியவரைக் காசு காட்டி வளைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவை வைத்து ஒருவரை மிரட்டலாம். எனக்கு இரண்டுமே இருந்தன.

அக்காவைப் பற்றி எழுதும்போது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடன் பகுதி வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அத விட்டுரு பாப்பா. கொஞ்ச நாள்ல கட்டிருவேன்.”

“கட்டுனப்பறம் கட்டியாச்சுன்னு எழுதுறேன். இப்ப கட்டல. கட்டலன்னு எழுதுறேன்.”

“ஊரு பூராம் தெரியணுமா?”

“ஊருக்கு எதுக்குப்பா தெரியுது? இது டெல்லிக்குப் போகுது.”

எனக்குக் கோபம் வந்தால் குரல் அப்பாவுடையது மாதிரியே ஆகிவிடும் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு வீட்டில் இரண்டு பி.டி. வாத்தியார்கள் இருந்தார்கள். கடைசியில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எழுது” என்றார். எழுதினேன். வங்கியின் பெயர், தொகை, தவணை நின்ற காலம், காரணம் எல்லாவற்றையும் எழுதினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஆள் வந்தார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, கையிடுக்கில் ஒரு பை. காவல் நிலையத்தில் இந்த மாதிரி விசாரணைகளைப் பார்க்கும் தனிப்பிரிவு ஏட்டு அவர். அக்கம்பக்கத்தில் காதும் காதும் வைத்த மாதிரி விசாரிக்க வேண்டும் என்பது விதி போலிருக்கிறது. அதனால் சாதாரண உடையில் வந்திருக்கிறார். டீக்கடையில் டீ குடித்திருக்கிறார். மளிகைக்கடையில் தீப்பெட்டி வாங்கியிருக்கிறார். “வாத்தியார் வீட்டுச் சின்னப் பொண்ணு எப்புடி?” என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் மூவரும் அந்த நேரம் அம்மாவின் செக்கப்புக்காகப் பெரியாஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டில் இருந்திருந்தால் குழப்பம் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அன்று என்ன நடந்தது என்று பின்னால் ஒவ்வொருவரும் எனக்கு நடித்தே காட்டினார்கள். மளிகைக்கடை அண்ணாச்சி, “கடனா? அந்த வீட்டுக்கா? நம்ம கடையில பாக்கிங்கிற பேச்சே கெடையாது சார், எல்லாம் ரொக்கந்தான்” என்றாராம். மாவு மில் வைத்திருக்கும் அக்கா மிளகாய் அரைப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்து, “அவுக அக்கா அயர்லாந்து. மாமா கனடா. சித்தப்பா ஒருத்தரு சிங்கப்பூரு. பாதிச் சொந்தம் பிளேன்லதான் போகும் வரும்” என்றாளாம். இஸ்திரி போடும் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே. “இந்தப் புள்ளயும் சீக்கிரம் வெளிநாடு போயிரும் சார். கட்டிக்கிற மாப்ளைக்கும் அங்கேயே வேலை ஆயிரும், கவலையே படாதீங்க” என்றிருக்கிறார். வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

நாங்கள் வீடு திரும்பியதும் மில் அக்கா ஓடிவந்து அம்மாவிடம், “நல்ல எடம் போலருக்கு. ஆளப் பாத்தாலே தெரியுது. நாங்க பேசுன பேச்சுல அப்புடியே குளுந்து போயிட்டாரு” என்றாள். அம்மா அன்று ரவா கேசரி கிண்டினாள். நான் கல்யாணம் வேண்டாம் என்று கத்திவிட்டு, கேசரியைச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. என்னோடு தேர்வான பையன் ஒருவன் வேலையில் சேர்ந்துவிட்டதாக போன் செய்தான். இன்னொருத்தி சேர்ந்தாள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. குறித்த காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து மலையை முறைத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

கடைசியில் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவும் நானும் போனோம். ஏட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

“நீங்க கடன் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. தெருவுல இல்லவே இல்லங்கிறாங்க. ஒரு அக்கா மட்டும் வெளிநாடுன்னு எழுதியிருக்கீங்க. தெருவுல கனடாங்கிறாங்க, சிங்கப்பூருங்கிறாங்க. போதாததுக்கு நீங்களே சீக்கிரம் வெளிநாடு போகப் போறீங்களாமே?”

எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எனக்கு மாமாவே கிடையாது. அம்மாவுடன் பிறந்தவர்கள் எல்லாம் பெண்கள். அப்புறம் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். கையிடுக்கில் இருந்த பையைப் பார்த்தேன். கேசரி ஞாபகம் வந்தது.

“சார், அன்னைக்கு நீங்க யாருன்னு சொன்னீங்களா?”

“சொல்லக் கூடாதும்மா. பேச்சுவாக்குல விசாரிக்கணும்.”

“அவங்க உங்கள மாப்ள வீட்டு ஆளுன்னு நெனச்சிட்டாங்க சார்.”

ஏட்டு பேனாவை மேசையில் போட்டார். அவர் வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருக்க வேண்டும், சட்டென்று விளங்கிவிட்டது. “அட ஆமா, அந்த மில்லுக்காரம்மா, ‘பையன் என்ன படிச்சிருக்கான்’னு ரெண்டு தடவ கேட்டுச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார்.

“கடன் இருக்கிறதால வேலை போகாதும்மா. அக்கா வெளிநாட்டுல இருக்கிறதாலயும் போகாது. எதையாச்சும் மறைச்சிருக்கீங்கன்னு ஒரு சந்தேகம் வந்தாத்தான் போகும். மேல கேட்டிருக்காங்க, நான் மறுபடி விசாரிச்சு எழுதணும். இந்தத் தடவ யூனிஃபார்ம்ல வாரேன். அதுக்கு முன்னாடி நீங்க யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கக் கூடாது. அப்பறம் அது வேற கேசாயிரும். அந்தக் கடனுக்கும் ஒரு வழி பண்ணி வைங்க.”

வெளியே வந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். அவள் அழாத குறையாக, “முழுசா இன்னைக்கே அனுப்புறேன், கட்டிரு” என்றாள். வெளிநாட்டு உறவைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து மொத்தமாகப் பணம் வந்தால் அதற்கும் ஒரு கேள்வி வராதா என்று எனக்குப் பயம். வேண்டாம் என்றேன். அப்பா பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

“அப்பா, இது என் பேர்ல உள்ள கடன். நான் வாங்குனது, நான் படிச்சது. இத நீங்க கட்டணும்னு யாரு சொன்னா? இத்தன நாளா உங்க மானம்னு வச்சு என் பேரக் கெடுத்து வச்சிருக்கீங்க.”

நடு ரோட்டில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னது சரி. பஸ் வந்தது. அப்பா ஏறவில்லை. “பேங்குக்குப் போவமா?” என்றார்.

வங்கி மேலாளர் எங்களை ஏமாற்றுக்காரர்களாகப் பார்க்கவில்லை. பேசினார், கணக்குப் போட்டார். நிலுவையைச் சின்னத் தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தார். டியூஷன் காசிலிருந்து முதல் தவணையை நானே கட்டினேன். எத்தனையோ வருஷமாக அந்த வங்கி இருக்கும் தெரு வழியாகப் போவதையே தவிர்த்த அப்பா, அன்றைக்கு அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் எனக்குப் பெரிய தண்டனை. மாவு மில்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த அக்கா, “மாப்ள வீட்டுலருந்து தாக்கல் ஏதும் வந்துச்சா?” என்று கேட்பாள். யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று ஏட்டு சொல்லியிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். “வெக்கப்படுறா பாரு” என்பாள். என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று சொன்ன ஒரே ஆள் உலகத்தில் அவள்தான்.

ஒரு நாள் காலையில் ஏட்டு யூனிஃபார்மில் வந்தார். தெரு அப்படியே நின்றது. மளிகைக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். இஸ்திரி அண்ணன் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு, நல்லவேளையாக உடனே எடுத்தார்.

“அன்னைக்கு வந்த மாப்ள வீட்டுக்காரருல்ல?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஏட்டு தான் யார் என்று சொல்லி, நான் சேரப்போகும் வேலைக்கான விசாரணை இது என்றும் விளக்கி, அண்ணாச்சியிடம் கேட்டார். “இந்த வீட்டுக்குக் கடன் இருக்கா?”

போலீஸைப் பார்த்ததும் தெரு இன்னும் கெட்டியாகிவிட்டது. கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்யை இப்போது எங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்கள். “இல்லங்கய்யா” என்றார் அண்ணாச்சி. “ஒத்த ரூபா கெடையாது” என்றாள் மில் அக்கா. “தங்கமான மனுசங்க” என்றார் இஸ்திரி அண்ணன். ஏட்டு எழுத எழுத என் வேலை என் கண் முன்னாலேயே கைநழுவிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் நான் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

அப்போது அப்பா வாசலை விட்டு இறங்கினார். தெருவின் நடுவில் போய் நின்றார். மைதானத்தில் நிற்கிற மாதிரியே நின்றார்.

“எனக்குக் கடன் இருக்கு,” என்றார். அந்தக் குரல் மேலூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். “என் மகள் படிப்புக்கு வாங்குன கடன். கட்ட முடியாம நின்னு போச்சு. உங்க யாருகிட்டயும் நான் சொல்லல, வெக்கமா இருந்துச்சு. இப்ப நானே சொல்லிட்டேன். இனிமே என்னயக் காப்பாத்த வேணாம். உங்களுக்கு என்ன தெரியுமோ அத அப்புடியே அய்யாகிட்ட சொல்லுங்க.”

மில் இயந்திரத்தின் பட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணாச்சி கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

“தெரியும் சார்,” என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார்.

“எங்களுக்குத் தெரியும் சார். நம்ம கடையிலயும் பாக்கி வைப்பீங்கள்ல. சொன்ன தேதிக்குக் குடுத்துருவீங்க. அந்தத் தேதியில நீங்க அவனியாபுரத்துலருந்து வர்ற வரைக்கும் நான் கடைய அடைக்க மாட்டேன். நீங்க வந்து கடை பூட்டியிருந்தா ராத்திரி தூங்க மாட்டீங்கன்னு தெரியும்.”

மில் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “பேங்குலருந்து அந்தப் பயலுக வந்தப்ப எங்கிட்டத்தான் வீடு எதுன்னு கேட்டாய்ங்க. வேற தெருவக் காட்டி விட்டேன். வெயில்ல சுத்திட்டுச் சாயங்காலந்தான் வந்து சேந்தாய்ங்க” என்றாள். அப்புறம் ஏட்டைப் பார்த்து, “கனடாவுல இருக்கிறது என் கொழுந்தன்யா. அவுகளுக்கு வெளிநாட்டுல ஒரே ஒரு பொண்ணுதான். சொல்லும்போது கொறைவா இருந்துச்சு, அதான் எங்க ஆளையும் சேத்துவிட்டேன்” என்றாள்.

“சிங்கப்பூரு?”

“அது சும்மாங்கய்யா.”

இஸ்திரி அண்ணன் கடைசியாகப் பேசினார். அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், வண்டியில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சாருக்கு ரெண்டே வெள்ளச் சட்டைதான்யா. அதத்தான் மாத்தி மாத்திப் போடுறாரு. காலரு நைஞ்சு போயிருச்சு. தெரியாத மாதிரி மடக்கித் தேச்சுக் குடுப்பேன். அந்தப் புள்ள வெளிநாடு போகுதுன்னு சொன்னது என் தப்பு. அது எங்கயும் போகாது. இந்தப் படியில உக்காந்துதான் படிக்கும்.”

அப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் தலையைக் குனியவில்லை. நான்தான் சத்தம் போட்டு அழுதேன். எதையுமே சத்தமில்லாமல் செய்ய எனக்கு வராது. இத்தனை வருஷமும் நாங்கள் தெருவிடமிருந்து மறைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் தெருதான் எங்களுக்காக மறைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கே தெரியாமல்.

ஏட்டு எல்லோருடைய பேச்சையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வங்கியில் தவணை பிரித்துக் கொடுத்த கடிதத்தின் நகலையும் வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே, “இத அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு தடவ பெட்ரோல் மிச்சம்” என்றார். அவரை அப்படியே விட்டுவிடுவார்களா? மில் அக்கா ஒரு பொட்டலம் மிளகாய்த்தூளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “இதையும் எழுத வேண்டி வரும்” என்றார்.

காலக்கெடு முடிவதற்கு முன்னால் உத்தரவு வந்தது. நான் வேலையில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டைகள் எடுத்தேன். அவர் அவற்றை நேராக இஸ்திரி வண்டிக்குக் கொண்டுபோனார். அந்த அண்ணன் காலரைத் தடவிப் பார்த்து, “இதுல எனக்கு வேலையே இல்லையே சார்” என்றாராம். கடனை நான்தான் கட்டி முடித்தேன், அக்காவிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த சான்றை அப்பா லேமினேட் செய்து, சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

இப்போது எங்கள் தெருவில் புது ஆள் யார் வந்து எதைக் கேட்டாலும் மில் அக்கா முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள். “கல்யாண விசாரணையா, கவர்மெண்டு விசாரணையா? அதச் சொல்லுங்க மொதல்ல. அப்பத்தான் எதச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியும்.”

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அப்பாவோடு டீக்கடைக்குப் போனேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் அப்பாவிடம் கேட்டார்.

“பொண்ணு என்ன வேலை பாக்குது சார்?”

அப்பா டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

“அதச் சொல்லக் கூடாது.”

“சும்மா சொல்லுங்க சார், நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?”

“சொல்லக் கூடாதுங்க. கவர்மெண்டு ரகசியம்.”

எதிர்க் கடையிலிருந்து அண்ணாச்சி, “சார் சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாதுதான். டீயக் குடிங்க தம்பி” என்றார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பாவுக்கே தெரியாது. நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றை மறைத்த மனுஷர். இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறைப்பதற்கு அவருக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அன்று கடையில் இருந்த எல்லோருடைய டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.